உணவே மருந்து என்றால் நிலமும் கூலியும் மருந்தே

(பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளைச் சேர்ந்த தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்கான கல்வி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

2013ஆம் ஆண்டில் கேரளத்தின் சிசு மரண விகிதம், பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுக்கு 12 ஆக இருந்தது. அப்போது இந்தியாவின் சராசரி 40. உலகமே வியந்து பார்த்த சாதனை அது. அதே ஆண்டில்தான், அதே மாநிலத்தின் பாலக்காடு மாவட்டத்தில், அட்டப்பாடி மலைகளின் இருளர், முடுகர், குறும்பர் ஊர்களில் பச்சிளங் குழந்தைகள் அடுத்தடுத்து மடிந்தன. எடை குறைந்தும் மாதம் நிறையாமலும் பிறந்த குழந்தைகள் அவை. அங்கு சென்ற மருத்துவக் குழுக்களின் பார்வை விரைவிலேயே தாய்மார்களின் பக்கம் திரும்பியது. கருவுற்ற பெண்களிடம் இரத்தசோகை கடுமையாக இருந்தது. உண்ட உணவு ஓர் உயிருக்கே போதாத நிலையில் இரண்டு உயிர்களைத் தாங்கவேண்டியிருந்தது.

சத்துள்ள உணவைப் பற்றியும் இயற்கை மருந்துகளைப் பற்றியும் எல்லைப் பகுதியில் பேசுகிறவர்கள் இந்த நிகழ்விலிருந்துதான் தொடங்கவேண்டும். ஏனெனில் ராகியும் சாமையும் தினையும் விளைந்த மண் அட்டப்பாடி. துவரையும் அவரையும், காட்டுக் கிழங்கும் கீரையும், தேனும், பவானி ஆற்று மீனும் அங்கு உணவாக இருந்தன. மூலிகை அறிந்த வைத்தியர்கள் ஊர்தோறும் இருந்தனர். நகரத்துச் சத்துணவுக் கடைகள் இன்று கண்ணாடிப் புட்டியில் அடைத்து விற்கும் பொருள்கள் அனைத்தும் அந்த மக்களின் அன்றாட வாழ்வாக இருந்தன. அப்படிப்பட்ட இடத்தில் தாயின் வயிறு எப்படிக் காலியானது?

இதற்கு இரண்டு விளக்கங்கள் எளிதாகக் கிடைக்கின்றன. பழங்குடி மக்களின் அறியாமையே காரணம் என்பது ஒன்று. அவர்கள் இயற்கை வாழ்வைக் கைவிட்டதே காரணம் என்பது மற்றொன்று. முதலாவது அதிகாரவர்க்கத்தின் விளக்கம். இரண்டாவது நகரத்து நடுத்தர வர்க்கத்தின் ஏக்கம். இரண்டுமே பாதிக்கப்பட்டவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகின்றன. கைவிட்டவர்கள் யார், பறித்தவர்கள் யார் என்ற கேள்வியை இரண்டுமே எழுப்புவதில்லை.

நிலம் போனபோது கஞ்சியும் போனது

1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அட்டப்பாடி மக்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் பழங்குடியினர். 2011இல் அவர்கள் மக்கள்தொகையில் பாதிக்கும் குறைவு. சமவெளிகளிலிருந்து, மேற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும், மலையேறி வந்தவர்களுக்கு நிலம் கைமாறியது. கடனுக்கு ஈடாகவும், குத்தகை என்ற பெயரிலும், படிக்கத் தெரியாத தாளில் வைத்த பெருவிரல் ரேகையாலும் மாறியது. வந்தவர்களிலும் பலர் வறுமையால் துரத்தப்பட்ட ஏழை விவசாயிகளே. எனினும் விளைவு ஒன்றுதான்.

ஆதிவாசிகளின் பழைய வேளாண்மை ஒரே காட்டில் பல பயிர்களைக் கலந்து விதைக்கும் முறை. ராகி, சாமை, தினை, சோளம், துவரை, அவரை, கீரை ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக அறுவடைக்கு வரும். எந்த நிலத்தில், எந்த நாளில் விதைப்பது என்பதைச் சொல்லும் பொறுப்புக்கு ‘மண்ணுக்காரன்’ என்றே ஊரில் ஒருவர் இருப்பார். கூட்டாக உழைத்து, கூட்டாக விதைத்து, கூட்டாக உண்ணும் முறை அது. மழை ஒரு பயிரைக் கைவிட்டாலும் மற்றொன்று காப்பாற்றும். தானியம், பருப்பு, கீரை என்று ஒரு குடும்பத்துக்கு வேண்டிய சத்துகள் அனைத்தும் ஒரே கொல்லையிலிருந்து கிடைத்தன. அதற்கு விரிந்த நிலமும் காட்டில் நுழையும் உரிமையும் தேவை. நிலம் குறுகியது, காட்டின் கதவை வனச் சட்டங்கள் சாத்தின, எஞ்சிய துண்டு நிலத்தில் விளைந்ததை யானையும் காட்டுப்பன்றியும் அழித்தன. சிறுதானியம் அடுப்பிலிருந்து மறைந்தது. அந்த இடத்துக்கு ரேஷன் அரிசி வந்தது.

ரேஷன் அரிசியை இகழ்வது கட்சியின் வேலையன்று. பட்டினியைத் தடுத்தது அந்த அரிசிதான். பொது விநியோக முறை போராடிப் பெற்ற உரிமை. ஆனால் வயிறு நிறைவதும் உடல் தேறுவதும் ஒன்றல்ல. 100 கிராம் ராகியில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே அளவு தீட்டிய அரிசியில் இருப்பது 10 மில்லிகிராம் அளவே. இரும்புச் சத்திலும் ராகி அரிசியைப்போல் பல மடங்கு. ராகிக் களியும் துவரைக் குழம்பும் கீரையும் இருந்த தட்டில் வெறுஞ்சோறும் மெல்லிய சாறும் மட்டும் மிஞ்சியபோது, பசி அடங்கியது, இரத்தம் வற்றியது.

இழந்த நிலத்தை மீட்டுத்தருவதற்கான சட்டத்தைக் கேரள சட்டமன்றம் 1975இல் நிறைவேற்றியது. அதற்கான விதிகள் வகுக்கப்பட்டு அது நடைமுறைக்கு வர 1986 ஆயிற்று. 1999இல் புதிய சட்டம் வந்தது. 2 ஹெக்டேர் வரையிலான கைமாறிய நிலத்தை வைத்திருப்போரிடமே விட்டுவிட்டு, ஆதிவாசிக்கு மாற்று நிலம் தருவது என்பது அதன் ஏற்பாடு. நிலச் சீர்திருத்தத்துக்கு இந்தியாவுக்கே வழிகாட்டிய மாநிலத்தில் ஆதிவாசியின் நிலக்கணக்கு மட்டும் தீராமல் நிற்கிறது. இடதுசாரிகள் உட்பட, ஆட்சியில் இருந்த எந்த அணியும் இந்தக் கணக்கிலிருந்து கைகழுவிவிட முடியாது. சுயவிமர்சனம் என்பது மாநாட்டு அறிக்கையின் ஒரு பத்தியோடு முடிந்துவிடுவதில்லை.

தேயிலை பறிப்பவரின் தட்டு

அட்டப்பாடியிலிருந்து தெற்கே, தமிழக எல்லையை ஒட்டியே உள்ள இடுக்கி மலைகளுக்கு வருவோம். மூணாறு, தேவிகுளம், பீர்மேடு தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறிப்பவர்கள் தமிழ்த் தொழிலாளர்கள், பெரும்பாலோர் பெண்கள். இவர்கள் நிலத்தை இழந்தவர்கள் அல்லர். நிலமே இல்லாமல் மலையேற்றப்பட்டவர்களின் வாரிசுகள். லயத்து வீட்டின் வாசலில் ஒரு முருங்கை நடுவதற்கும் இடம் தேடவேண்டும்.

இங்கு நோயின் வேர் கூலியிலும் நேரத்திலும் இருக்கிறது. விடியுமுன் எழுந்து சமைத்து, குழந்தைகளை அனுப்பி, கொழுந்து பறிக்கச் செல்லும் பெண்ணிடம் ‘மூன்று வேளையும் ஐந்து வகைக் காய்கறி உண்க’ என்று அறிவுரை சொல்வது கொடுமையான நகைச்சுவை. 2015 செப்டம்பரில் மூணாறில் ‘பொம்பிளை ஒருமை’ என்ற பெயரில் ஆயிரக்கணக்கான பெண்கள் சாலையில் அமர்ந்தபோது அவர்களின் நாட்கூலி ரூ.232. போனஸ் 20 சதவிகிதத்திலிருந்து 10 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டதே பொறி. ஒன்பது நாள் போராடி அவர்கள் 20 சதவிகிதத்தை மீட்டனர். பின்னர்க் கூலியும் ரூ.301 ஆக உயர்ந்தது. அந்தப் போராட்டத்தில் எந்தச் சங்கத்தின் தலைவர்களையும் அவர்கள் அருகில் விடவில்லை என்பதைத் தோழர்கள் மறக்கக் கூடாது. சங்கங்கள் பேச்சுவார்த்தை மேசையில் எண்ணிக்கொண்டிருந்த சதவிகிதத்தை அந்தப் பெண்கள் தங்கள் அடுப்பங்கரையில் எண்ணினார்கள். வேறுபாடு அதுதான்.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், வீடு, மருத்துவ வசதி, சிற்றுண்டிச்சாலை, குழந்தைக் காப்பகம் ஆகியவற்றை முதலாளியின் கடமையாக்கியது. கம்யூனிஸ்டுகளும் பிற தொழிற்சங்கவாதிகளும் குருதி சிந்திப் பெற்ற உரிமைகள் அவை. 2020இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த பணிப் பாதுகாப்புத் தொகுப்பு இந்தச் சட்டத்தைத் தனக்குள் விழுங்கிக்கொண்டது. தோட்டத்துக் காப்பகத்தில் குழந்தைக்குக் கிடைக்கும் பாலும், சிற்றுண்டிச்சாலையில் தாய்க்குக் கிடைக்கும் சூடான உணவும் மருத்துவமே. அவற்றைக் காக்கும் போராட்டம் நோய்த் தடுப்புப் போராட்டம்.

இன்னொரு செய்தியும் இங்கே பொருந்தும். தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருள்கள், தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்கவிடாமல் தடுக்கின்றன. பசியை அடக்கச் சோற்றோடு சேர்த்துக் கட்டன் சாயா குடிக்கும் பழக்கம், உண்ட சிறிதளவு இரும்பையும் வீணாக்குகிறது. உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். நெல்லிக்காயோ, எலுமிச்சைச் சாறோ, கொய்யாவோ உணவோடு சேர்ந்தால் இரும்பு நன்றாகச் சேரும். காசு செலவில்லாத அறிவு இது. கிளைக் கூட்டத்தில் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

உணவு மருந்தாகும் என்பதற்குச் சான்று

திருக்குறளின் 95ஆம் அதிகாரத்துக்கு ‘மருந்து’ என்று பெயர். அதில் ஒரு மூலிகையின் பெயரும் இல்லை. பசியறிந்து அளவறிந்து உண்பதையும், நோயின் காரணத்தைத் தேடிக் கண்டறிவதையும்தான் அது பேசுகிறது. ‘உணவே மருந்து’ என்ற பழமொழியை அறிவியலும் இன்று உறுதி செய்கிறது. ஆனால் அது மேடையில் சொல்லப்படும் பொருளில் அன்று.

காசநோயை எடுத்துக்கொள்ளலாம். ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில், காசநோயாளிகளின் குடும்பத்தினரில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் ஓர் ஆய்வு நடந்தது. சென்னையின் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதில் பங்கேற்றது. ஒரு பிரிவுக் குடும்பங்களுக்கு அரிசியும் பருப்பும் அடங்கிய உணவுக்கூடை மாதந்தோறும் வழங்கப்பட்டது. 2023இல் வெளிவந்த முடிவு இது: உணவுக்கூடை பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் தோன்றுவது ஏறத்தாழ 40 சதவிகிதம் குறைந்தது. அரிய மூலிகையோ விலையுயர்ந்த ஊசியோ அன்று. அரிசியும் பருப்பும் செய்த வேலை. நோயாளிக்கோ, மாத்திரையோடு சேர்ந்த உணவும் தொடக்க மாதங்களில் கூடிய எடையும் உயிரைக் காத்தன.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் வருகின்றன. முதலாவது, உணவு மருந்தாகும். இரண்டாவது, அது மாத்திரைக்கு மாற்று ஆகாது, துணை ஆகும். காசநோயாளி ஒருவர் மருந்தை நிறுத்திவிட்டு ராகிக் கூழை மட்டும் நம்பினால், நோய் அவரையும் விடாது, அவரது லயத்தையும் விடாது.

இரத்தசோகைக்கும் இதே கணக்குத்தான். 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் இந்திய அளவில் 57 சதவிகிதத்தினர், தமிழகத்தில் 53 சதவிகிதத்தினர், கேரளத்தில் 36 சதவிகிதத்தினர் இரத்தசோகை உள்ளவர்கள். கேரளத்தின் சராசரி அட்டப்பாடியின் ஊரையும் தோட்டத்து லயத்தையும் மறைத்துவிடும் என்பதைத்தான் 2013 காட்டியது. ராகி, முருங்கைக் கீரை, அவரை, துவரை, முட்டை, கருவாடு ஆகியவை இரத்தத்தைக் காக்கும். எனினும் கருவுற்ற பெண்ணின் இரத்த அணுவளவு 11 கிராமுக்குக் கீழே இறங்கிவிட்டால், கீரை மட்டும் அதைக் குறித்த காலத்துக்குள் உயர்த்தாது. இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை 180 நாள் வேண்டும். குடற்புழு நீக்க மருந்தும் வேண்டும். செருப்பில்லாத காலோடு தோட்டத்தில் நிற்பவரின் குடலில் கொக்கிப்புழு இருந்தால், உண்ட சத்து புழுவுக்கே போகும்.

அட்டப்பாடித் தோழர்கள் மேலும் ஒன்றை அறிந்திருக்கவேண்டும். அங்குள்ள பழங்குடி மக்களிடையே அரிவாள் உயிரணுச் சோகை என்னும் பரம்பரை நோய் இருக்கிறது. அது உணவுக் குறையால் வருவதன்று. அந்நோய் உள்ளவருக்குச் சோதனையின்றி இரும்புச் சத்து மாத்திரையைத் தொடர்ந்து கொடுப்பது தீங்காகலாம். மருத்துவர் தரும் ஹைட்ராக்சியூரியா மருந்து வலியையும் உயிராபத்தையும் குறைக்கும். ‘இரத்தம் ஊறும்’ என்று விற்கப்படும் எந்த இலேகியமும் அதைச் செய்யாது. யாருக்கு எந்தச் சோகை என்பது இரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். கோட்டத்தறைப் பழங்குடியினர் சிறப்பு மருத்துவமனை போன்ற பொது மருத்துவமனைகளில் மருத்துவரும் ஆய்வகமும் இரத்த வங்கியும் எப்போதும் இயங்கவேண்டும் என்ற கோரிக்கையின் பொருள் இதுவே.

மூலிகையை வணங்குவதும் வேண்டாம், இகழ்வதும் வேண்டாம்

நாட்டு மருந்தைப் பொறுத்தவரை மார்க்சியரின் அளவுகோல் ஒன்றுதான்: நடைமுறைச் சோதனை.

வியத்நாம் போர்க் காலத்தில் காடுகளில் மலேரியா வீரர்களைக் கொன்றுகொண்டிருந்தது. 1967இல் சீனம் மருந்து தேடும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஆய்வாளர் து யோயோ பழைய சீன மருத்துவ நூல்களைப் புரட்டினார். நான்காம் நூற்றாண்டின் நூல் ஒன்று, ஒரு வகை மாசிபத்திரிச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொன்னது. காய்ச்சும்போது மருந்து அழிந்துவிடுகிறது என்பதை அதிலிருந்து அவர் ஊகித்தார். குறைந்த வெப்பத்தில் சாற்றைப் பிரித்தார், விலங்குகளிடம் சோதித்தார், தாமே உட்கொண்டும் பார்த்தார். ஆர்ட்டெமிசினின் பிறந்தது. 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பழைய நூலில் இருப்பதால் அந்த மருந்து வெல்லவில்லை. பழைய நூலைச் சோதனைக்கு உட்படுத்தியதால் வென்றது.

இதற்கு நேர்மாறான வழியில் வந்த சான்றும் உண்டு. 1971இல் வங்காளதேச அகதிகள் முகாமில் காலரா பரவியது. மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் மருத்துவர் திலீப் மகாலானபிசிடம் நரம்பில் ஏற்றும் நீர்மம் தீர்ந்துபோனது. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்தார். கொடுக்கும் வேலையை நோயாளிகளின் உறவினர்களிடமே ஒப்படைத்தார். 30 சதவிகிதமாக இருந்த இறப்பு ஏறத்தாழ 3 சதவிகிதமாகக் குறைந்தது. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு சிறுகரண்டி சர்க்கரை, அரைச் சிறுகரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி அளந்தவை: இந்த மருந்து எந்த லயத்திலும் தயாரிக்கலாம். உப்பிட்ட அரிசிக் கஞ்சி நீரும் இதே வேலையைச் செய்யும் என்பதும் ஆய்வில் உறுதியான செய்தி. பாட்டியின் கஞ்சிக்கு அறிவியல் கொடுத்த சான்றிதழ் அது.

எல்லாக் கைமருந்துக்கும் இத்தகைய சான்றிதழ் இல்லை. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி கொடுப்பது இரு மாநிலங்களிலும் வழக்கம். அசுத்த நீரால் வரும் காமாலைகள் பெரும்பாலும் ஓய்விலும் உணவிலும் சில வாரங்களில் தாமே தணிந்துவிடும். புகழ் மூலிகைக்குப் போய்ச் சேரும். ஆனால் எலிக்காய்ச்சலிலும் கண் மஞ்சளாகும். மழைக்காலத்தில் சேற்றிலும் தேங்கிய நீரிலும் நிற்கும் தோட்டத் தொழிலாளியையும் தொழிலுறுதித் தொழிலாளியையும் அது தாக்கும். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு ஆகியவை தோன்றிய நாளிலேயே மருத்துவமனைக்குச் சென்றால் எளிய உயிர்க்கொல்லி மாத்திரைகளே பிழைக்கவைக்கும். கீழாநெல்லிச் சாற்றோடு நான்கு நாள் காத்திருந்தால் சிறுநீரகம் செயலிழக்கலாம். நாட்டு வைத்தியரைப் பகைக்கவேண்டியதில்லை. காய்ச்சல் கண்டவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பும் முதல் ஆளாக அவரை மாற்றவேண்டும்.

‘இயற்கை’ என்ற சொல் இன்று பெரும் வணிகச் சரக்கு என்பதையும் காணவேண்டும். நோயைத் தீர்ப்பதாகப் பொய்யாக விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954ஆம் ஆண்டு முதல் சட்டம் இருக்கிறது. அதை மீறிய விளம்பரங்களுக்காக 2024இல் பதஞ்சலி நிறுவனத்தாரை உச்ச நீதிமன்றம் நாளிதழ்களில் மன்னிப்புக் கேட்க வைத்தது. பொது மருத்துவமனைக்கு நிதியைச் சுருக்கிவிட்டு ‘பழம்பெருமை’யை மருந்தாகப் பரிந்துரைக்கும் அரசியலும், அந்தப் பழம்பெருமையைப் புட்டியில் அடைத்து விற்கும் மூலதனமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. மருத்துவமனை தொலைவில் இருப்பவர்தான் அந்தப் புட்டியை வாங்குகிறார்.

மலைகளில் முளைத்த மாற்று

நம்பிக்கை தரும் முயற்சிகளும் இதே எல்லையில் உள்ளன. 2013க்குப் பிறகு குடும்பஸ்ரீ அமைப்பு அட்டப்பாடி ஊர்களில் சமூக அடுக்களைகளைத் திறந்தது. கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார், குழந்தைகள், முதியோர் ஆகியோருக்கு அங்கேயே சமைத்த உணவு கிடைத்தது. சமைத்தவர்கள் அதே ஊரின் பெண்கள். 2017இல் கேரள அரசு சிறுதானிய கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. தரிசாகக் கிடந்த கொல்லைகளில் ராகியும் சாமையும் மீண்டும் முளைத்தன. ஆட்டுக்கொம்பு போல் வளைந்த அட்டப்பாடி அவரையும் அட்டப்பாடித் துவரையும் 2022இல் புவிசார் குறியீடு பெற்றன. அதே ஆண்டில் இடுக்கியின் காந்தளூர்–வட்டவடைப் பூண்டுக்கும் அது கிடைத்தது. சின்னாறு வனவிலங்குக் காப்பகத்தில் உள்ள தாயண்ணன்குடியின் முதுவர் மக்கள், மறைந்துகொண்டிருந்த ராகி வகைகளைத் தேடியெடுத்துப் பயிரிட்டுத் தேசிய அளவிலான மரபுவிதைப் பாதுகாப்பு விருதைப் பெற்றனர்.

இவற்றில் ஓர் ஆபத்தும் உண்டு. புவிசார் குறியீட்டால் விலை உயர்ந்து, அவரையும் ராகியும் நகரத்துக்குச் சென்று, விளைவித்தவரின் அடுப்புக்கு மீண்டும் தீட்டிய அரிசி மட்டுமே வந்தால், அது வளர்ச்சி அன்று. விளைந்ததன் முதல் பங்கு ஊரின் அங்கன்வாடிக்கும் சமூக அடுக்களைக்கும் போகவேண்டும். மிஞ்சியது சந்தைக்குப் போகலாம்.

இதற்கான வழி கண்ணெதிரே இருக்கிறது. அட்டப்பாடியின் எல்லையிலேயே உள்ள நீலகிரி மாவட்டத்திலும் தருமபுரியிலும் 2023இல் ரேஷன் கடைகளில் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாக இரண்டு கிலோ ராகி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமே சிறுதானியத்தை ரேஷனில் தர இடம் கொடுக்கிறது. 2025–26க்கு ராகியின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ.4,886 என்று ஒன்றிய அரசு அறிவித்தது. கொள்முதல் நிலையம் இல்லாத மலையில் அந்த விலை காகிதத்தில் எழுதிய ராகி. 2023ஆம் ஆண்டைச் சர்வதேச சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடி விருந்து வைத்தவர்கள், அந்தத் தானியத்தைக் காத்து வைத்திருந்த ஆதிவாசியின் கொல்லைக்கு வாங்கும் தராசை அனுப்பவில்லை.

அதே உணவுப் பாதுகாப்புச் சட்டம் கருவுற்ற பெண் ஒவ்வொருவருக்கும் ரூ.6,000க்குக் குறையாத பேறுகால உதவியை உரிமையாக்கியது. ஒன்றிய அரசின் மாத்ரு வந்தனா திட்டமோ முதல் குழந்தைக்கு ரூ.5,000 மட்டுமே தருகிறது. இரண்டாவது குழந்தை பெண்ணாக இருந்தால்தான் மறுமுறை உதவி. மூன்றாம் கருவைச் சுமக்கும் ஆதிவாசித் தாய் அதன் கணக்கிலேயே இல்லை. அவளுக்கு இரத்தம் ஊற வேண்டியதில்லை என்று எந்த மருத்துவ நூல் சொல்கிறது?

கிளைகள் செய்யவேண்டியவை

தோழர்களே, இவ்வளவும் அரசிடம் கேட்கவேண்டியவை மட்டுமல்ல; கிளைகள் நாளையே தொடங்கவேண்டியவையும் உண்டு.

ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் உள்ள கருவுற்ற பெண்களையும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளையும் அறிந்திருக்கவேண்டும். அங்கன்வாடியில் எடை எடுக்கப்படுகிறதா, எடை குறைந்த குழந்தைக்கு அடுத்து என்ன செய்யப்பட்டது என்று கேட்கவேண்டும். ஆஷா ஊழியரும் அங்கன்வாடி ஊழியரும் இந்தப் போரின் முன்னணிப் படை. அவர்களின் ஊதியக் கோரிக்கையை மக்களின் உடல்நலக் கோரிக்கையாகவே எடுத்துச் செல்லவேண்டும்.

லயத்தைச் சுற்றியும் ஊரைச் சுற்றியும் கிடைக்கும் இடத்தில் முருங்கை, பப்பாளி, கறிவேப்பிலை, நெல்லி, கீரை நடும் வேலையை மகளிர் அமைப்பும் இளைஞர் அமைப்பும் ஏற்கலாம். தோட்ட நிர்வாகம் இடம் மறுத்தால் அதுவே ஒரு கோரிக்கை. ராகியை ஊறவைத்து முளைகட்டி அரைத்தால் அதன் சத்து உடலில் நன்கு சேரும் என்பது ஊர் மூதாட்டிகள் அறிந்தது. அந்த அறிவை அவர்கள் வாயாலேயே இளம் தாய்மாருக்குச் சொல்லவைக்கவேண்டும். மேடையில் பேச ஊர்ப்பெண்ணுக்கு நாற்காலி போடுவதும் கட்சி வேலைதான்.

தொழிற்சங்கங்கள் கூலி ஒப்பந்தப் பேச்சில் சிற்றுண்டிச்சாலை, காப்பகம், உணவு இடைவேளை ஆகியவற்றைக் கடைசிப் பக்கத்தில் வைக்கக் கூடாது. சமைக்கும் பெண்களை ஒப்பந்தக் குழுவில் சேர்த்தால், அந்தக் கோரிக்கைகள் தாமாகவே முதல் பக்கத்துக்கு வரும். 2015இன் பாடம் அது.

அட்டப்பாடியிலும், 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக அமைந்த இடமலைக்குடியிலும், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்கீழ்ச் சமூக உரிமைகளை ஊர்க்கூட்டங்கள் முழுமையாகப் பெறத் துணைநிற்க வேண்டும். கிழங்கும் கீரையும் தேனும் எடுக்கும் உரிமை ஊட்டச்சத்து உரிமை. ராகி வயலை விலங்கிடமிருந்து காக்கும் வேலியும் ஊட்டச்சத்துத் திட்டமே.

அரசமைப்புச் சட்டத்தின் 47ஆம் பிரிவு, மக்களின் ஊட்டச்சத்து நிலையை உயர்த்துவது அரசின் முதன்மைக் கடமைகளுள் ஒன்று என்கிறது. அந்தக் கடமையைத் தனிமனிதரின் நாவடக்கத்துக்கும் மூலிகைப் புட்டிக்கும் தள்ளிவிடுவதை அனுமதிக்க முடியாது. ராகி நல்லது, கீரை நல்லது, கஞ்சி நல்லது. அவை தட்டுக்கு வர நிலம் வேண்டும், கூலி வேண்டும், சமைக்க நேரம் வேண்டும், நோய் முற்றுமுன் சேர ஒரு மருத்துவமனை வேண்டும். இந்த நான்கையும் சேர்த்துக் கேட்கும்போதுதான் ‘உணவே மருந்து’ என்ற சொல் உழைக்கும் மக்களின் சொல்லாகும்.

2013இல் இறந்த குழந்தைகள் உயிருடன் இருந்திருந்தால் இன்று பள்ளிச் சீருடையில் மலைச்சாலையில் நடந்துகொண்டிருப்பார்கள். அந்த வயதில் நடக்கும் பிள்ளைகளைக் காணும்போதெல்லாம் தோழர்களுக்கு அது நினைவுக்கு வரவேண்டும்.